பழைய டிவி செய்தி ஸ்டூடியோ எப்படி இயங்கியது? அந்தக் காட்சிகள் இப்போ எங்கே?

கிள்ளான் பக்கம், மேருவில் எங்க பாட்டி வீடு. போன வருஷம் வீட்டை ஒதுக்கும்போது டிவி அலமாரிக்குக் கீழே பதினோரு விஎச்எஸ் டேப் கிடைச்சது. எல்லாமே தாத்தா பதிவு பண்ணி வச்ச தமிழ்ப் படங்கள். அதில் ஒரு டேப்பில் படம் தொடங்கும் முன்னாடியே தாத்தா ரெக்கார்ட் பட்டனை அழுத்திட்டார். அதனால் படத்துக்கு முன்னால் தமிழ்ச் செய்தியின் கடைசி நான்கு நிமிஷம் மாட்டிக்கிட்டிருக்கு.

நீலப் பின்னணி. மேசை. கையில் தாளோடு ஒரு பெண். கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு பற்றி வாசிக்கிறார், அப்புறம் காமன்வெல்த் போட்டிக்கான ஏற்பாடு பற்றி ஒரு வரி. அப்படின்னா இது 1998. எனக்கு அப்போ ஏழு வயசு.

நான் இப்போ செய்தித் தயாரிப்பாளர். தினமும் ஸ்டூடியோவுக்குள் போய் வர்ற ஆள். ஆனாலும் அந்த நான்கு நிமிஷத்தை மூணு தடவை திருப்பிப் பார்த்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு ஆசை இருக்கலாம். பழைய செய்தி முகப்பு இசை, சுழலும் பூமி உருண்டை, சோதனைப் படம், இதையெல்லாம் தேடித் தேடிப் பார்க்கிற கூட்டம் உலகம் முழுக்க இருக்கு. நம்ம ஊர்லயும் இருக்கு. அவங்க தேடுற அந்த ஸ்டூடியோ எப்படி வேலை செஞ்சது, ஏன் அப்படித் தெரிஞ்சது, ஏன் இப்போ தேடினால் கிடைக்க மாட்டேங்குதுன்னு இங்கே பார்க்கலாம்.

ஜாலான் அம்பாங்கில் ஒரு மண்டபம்

மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28-ஆம் தேதி. தொடக்கி வைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். அப்போ டிவிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில்தான் தற்காலிக ஸ்டூடியோ. 1959-இல் நம்ம முதல் நாடாளுமன்றம் கூடிய அதே மண்டபம். 1963 நவம்பரில் நாடாளுமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் டிவி வந்துவிட்டது. ஒலிபரப்பைத் தொடங்க கனடா ஒலிபரப்புக் கழகத்திலிருந்து நிபுணர்கள் வந்து உதவினாங்க. தொடக்கத்தில் கோலாலம்பூர் வட்டாரத்துக்கு மட்டும்தான் படம் எட்டியது.

அந்த வளாகம் இப்போ சுற்றுலா மையம். புக்கிட் நானாஸ் மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அந்தப் பக்கம் போனால் ஒருமுறை எட்டிப் பாருங்க.

1969 அக்டோபரில் தொலைக்காட்சி அங்காசாபுரிக்கு மாறியது. வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே நிறுவனமாக, ஆர்டிஎம் ஆக, இணைந்ததும் அந்த ஆண்டுதான். நவம்பர் 17-ஆம் தேதி இரண்டாவது அலைவரிசை வந்தது. அதுதான் இன்னைக்கு நாம டிவி2 என்று சொல்றது. அங்காசாபுரி எங்கே இருக்குன்னு கேட்டால், பிரிக்பீல்ட்ஸ்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் போகும் கேடிஎம் கொமுட்டரில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம். நிலையத்தின் பேரே அங்காசாபுரி. மேருவிலிருந்து கிள்ளானுக்கு வந்து ரயில் ஏறும் எங்க அம்மா சின்ன வயசில், செய்தி வாசிக்கிறவங்க எல்லாரும் அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்காங்கன்னு நினைச்சாங்களாம்.

ஒரே மேசை, நான்கு மொழி

இதை இன்றைய தலைமுறைக்குப் புரிய வைப்பது கொஞ்சம் கஷ்டம். அன்றைக்கு இருந்தது ஒரு அலைவரிசை, பிறகு இரண்டு. மலாய், ஆங்கிலம், மண்டரின், தமிழ் என நான்கு மொழிச் செய்தியும் அதற்குள்தான் ஒளியேறியது. ஒரே நாள், ஒரே படச்சுருள், ஒரே அமைச்சர் ஒரே ரிப்பனை வெட்டுவார். மாறுவது வாசிப்பவரும் மொழியும்தான்.

இதனால் நடந்த ஒரு விஷயத்தை நாம் மறந்துட்டோம். தமிழ் தெரியாதவங்களும் தமிழ்ச் செய்தியைக் கேட்டாங்க. அடுத்து வரும் நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் மலாய்க் குடும்பம், சீனக் குடும்பம், எல்லாருடைய வீட்டுக் கூடத்திலும் தினமும் கொஞ்ச நேரம் தமிழ் ஒலித்தது. அதே மாதிரி எங்க தாத்தாவுக்கு மண்டரினில் எண்ணத் தெரியும். பாடம் படிச்சதில்ல, டிவி அணைக்காமல் விட்டதால் வந்த அறிவு. இன்னைக்குத் தமிழ்ச் செய்தி உங்க கைப்பேசிக்கு வருது. ஆனா உங்க பக்கத்து வீட்டு நண்பருடைய கைப்பேசிக்கு அது ஒருநாளும் போகாது.

இன்னொரு பக்கம், செய்தி என்பது பல வீடுகளில் தேவை. 1998-இல் எல் நினோ வறட்சியால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. வீட்டுக்கு வீடு அறிவிப்பு மலாயில் வரும். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வட்டாரத்துக்கு எப்போ தண்ணீர் என்பதை அவர் தெரிஞ்சுக்கிட்டது வானொலியிலும் டிவி செய்தியிலும்தான். நாங்க சத்தம் போட்டால், "நியூஸு முடியட்டும்மா, தண்ணி எப்போன்னு சொல்லப் போறாங்க"ன்னு அதட்டுவார். செய்தி முடிவில் தலைப்புகளை இன்னொரு தடவை வாசிப்பாங்க இல்லையா? முதல் தடவை தவறவிட்டவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ரீப்ளே கிடையாது.

அந்த மேசைக்குப் பின்னால் என்ன நடந்தது?

பழைய ஸ்டூடியோவின் தோற்றத்தில் பெரும்பகுதி யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்தது இல்லை. கருவிகளின் குறைபாடு அப்படிக் கட்டாயப்படுத்தியது.

பின்னணி ஏன் வெறுமையாக இருந்தது? அன்றைய கேமராக்களில் படத்தைப் பிடித்தது ஒரு கண்ணாடிக் குழாய். பளிச்சென்ற ஒளிப்புள்ளி நகர்ந்தால் அதன் பின்னால் வால்நட்சத்திரம் போல ஒரு கீற்று இழுத்துக்கொண்டு போகும். மினுக்கும் ஜரிகை, பெரிய கல் வைத்த தோடு, கண்ணாடி மேசை எல்லாம் தொல்லை. அதனால் மங்கலான நிறங்கள், பளபளப்பு இல்லாத மேசை.

சேலை விஷயம் இன்னும் சுவாரசியம். நாம் பயன்படுத்திய பால் முறை ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 625 வரிகள். சின்னக் கட்டம், மெல்லிய கோடு போட்ட துணியைக் காட்டினால் திரையில் வானவில் மாதிரி நிறங்கள் நெளியும். அதனால் செய்தி வாசிப்பவர் நெருக்கமான கட்டம் போட்ட சேலையோ சட்டையோ போட மாட்டார். பின்னணிப் படத்தை மின்னணு முறையில் ஒட்ட வேண்டும் என்றால், பின்னால் நீலத் திரை. மனித தோலில் நீலம் குறைவு என்பதால் நீலம் தேர்வானது. அன்றைக்கு நீலச் சேலை கட்டி வந்தால் உடம்பு மறைந்து தலை மட்டும் மிதக்கும். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பச்சைக்கு மாறினாங்க. அந்தக் கேமராவின் உணரியில் பச்சையைப் பிடிக்கும் புள்ளிகள் சிவப்பை, நீலத்தைவிட இரண்டு மடங்கு இருப்பது ஒரு காரணம். இப்போ எங்க ஒப்பனை அறையில் பச்சைச் சேலைக்குத் தடை. கஷ்டம் அதேதான், நிறம் மட்டும் வேற.

மேசையில் ஒரு தொலைபேசி இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? அலங்காரம் இல்லை. காதில் மாட்டும் சின்னக் கேட்பொறி பரவலாகும் முன், கட்டுப்பாட்டு அறையில் உள்ள இயக்குநர் வாசிப்பவரோடு பேச அதுதான் வழி. படச்சுருள் ஓடும் நேரத்தில் மணிக்குப் பதிலாக ஒரு விளக்கு மின்னும், அவர் எடுத்துக் கேட்பார். ஒரு படம் அறுந்து போச்சுன்னா நேரலையிலேயே எடுத்துக் கேட்டதும் உண்டு.

சுருள் என்றால் உண்மையான சுருள். வீடியோ கேமரா கைக்கு வரும் முன் செய்திப்படம் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அதைக் கழுவி, காய வைத்து, வெட்டி ஒட்டி, ஓட விடணும். ஃபிலிம் ஓட்டும் கருவிக்கும், ஆரம்பகால வீடியோ டேப் இயந்திரத்துக்கும் வேகம் பிடித்துப் படம் நிலைக்கச் சில வினாடி ஆகும். வாசிப்பவர் ஒரு குறிப்பிட்ட சொல்லுக்கு வரும்போதே இங்கே இயந்திரத்தை ஓட்டிவிட வேண்டும். அந்தச் சொல்லை அவர் மாற்றிவிட்டால், அல்லது ஒரு வரியைத் தாண்டிவிட்டால், திரையில் கறுப்பு. எழுதியதை எழுதியபடி, ஒரே வேகத்தில் வாசித்த அந்த நிதானம் குணம் மட்டுமில்லை. இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் நிதானம்.

நம்ம மாதிரி பன்மொழி நிலையத்தில் இதில் இன்னொரு முடிச்சு உண்டு. பொத்தானை அழுத்துபவருக்குத் தமிழ் தெரியணும்னு இல்ல. இன்னைக்கும் எங்க கட்டுப்பாட்டு அறையில் தமிழ் தெரியாத இயக்குநர் இருந்தால், ஒவ்வொரு செய்தியின் கடைசிச் சொல்லையும் ரூமி எழுத்தில் எழுதிக் கொடுப்போம். ஒருநாள் நான் "தெரிவித்தார்" என்று எழுதிக் கொடுத்துட்டேன். அன்றைக்கு ஒரே செய்தியில் நான்கு பேர் தெரிவித்தாங்க. முதல் "தெரிவித்தார்"லயே படம் ஓடிடுச்சு.

தாளும் கண்ணாடியும்

கேமராவைப் பார்த்தபடியே வாசிக்க உதவும் கருவி, டெலிபிராம்ப்டர், 1950-இல் அமெரிக்காவில் வந்தது. செய்திக்காக இல்லை, தினத்தொடர் நடிகர்கள் வசனம் மறக்காமல் இருக்க. முதலில் அது பெரிய எழுத்தில் தட்டச்சு செய்த காகிதச் சுருள், ஒரு ஆள் வேகம் பார்த்து உருட்டுவார். லென்ஸுக்கு முன்னால் சாய்வாக வைத்த கண்ணாடியில் எழுத்து பிரதிபலிப்பது பிறகு வந்த அமைப்பு. கருவி இன்று டிஜிட்டல் ஆனாலும் அந்தச் சாய்வுக் கண்ணாடி அப்படியே இருக்கு.

ஆனால் இதெல்லாம் ரோமன் எழுத்தை மனதில் வைத்துச் செய்த கருவிகள். திரையில் பேர் போடும் எழுத்துருவாக்கிக்கு ஆரம்பத்தில் தமிழ் தெரியாது. ஆகவே அட்டையில் கையால் எழுதி, அதைக் கேமராவால் பிடித்து, படத்தின் மேல் ஏற்றணும். தமிழ்த் தட்டச்சுக்கே நம்ம பக்கத்துத் தொடர்பு உண்டு. அதை வடிவமைத்த யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா மலாயா, சிங்கப்பூர் வட்டாரத்தில் வேலை பார்த்தவர். கணினியில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான முத்து நெடுமாறன் கோலாலம்பூர்க்காரர், முரசு அஞ்சல் அவருடையது. நீங்க கைப்பேசியில் தமிழ் அடிக்கிறது எளிதாக இருக்கும்போது, ஒரு அமைச்சரின் நீளமான பேரைத் தூரிகையால் எழுதி, காயும் வரை ஊதிக்கொண்டிருந்த ஓவியரையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.

பிராம்ப்டர் வந்த பிறகும் வாசிப்பவர் கையில் தாள் ஏன்? கருவி நின்றுபோனால் தொடர்ந்து வாசிக்க. இன்னைக்கும் அதுதான் பதில். கடைசியில் தாளை மேசையில் தட்டி அடுக்குவது மட்டும் யாரும் கற்றுக்கொடுக்காமல் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நடந்தது.

செய்திகள் வாசிப்பது...

வாசிப்பவர் ஏன் தன் பேரைச் சொல்லணும்? பிபிசி வானொலியில் முதலில் யாரும் பேர் சொன்னதில்லை. 1940-இல், போர் நேரத்தில், எதிரி பொய்க் குரலில் பொய்ச் செய்தி பரப்பிவிடலாம் என்ற பயத்தில் வாசிப்பவர்கள் பேர் சொல்லத் தொடங்கினாங்க. கேட்பவருக்குக் குரலும் பேரும் சேர்ந்து பழகிவிட்டால் போலி எடுபடாது. ஆல் இந்தியா ரேடியோவின் டெல்லி தமிழ்ச் செய்தியில் சரோஜ் நாராயணசுவாமி தன் பேரைச் சொல்லும் விதத்தையே பல பேர் மனப்பாடமாக வைத்திருந்தாங்க. அவர் 2022-இல் காலமானார்.

முகம் காட்டுவதில் இன்னும் பெரிய தயக்கம். பிபிசி டிவியில் செய்தி வாசிப்பவர் திரையில் தெரிய ஆரம்பித்தது 1955-இல்தான், முதலில் தெரிந்தவர் கென்னத் கெண்டல். அதுவரை குரல் மட்டும், திரையில் படமும் வரைபடமும். முகபாவனை செய்தியின் நடுநிலையைக் கெடுத்துவிடும் என்ற கவலை. அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் நாம் இன்று ஏங்கும் அந்த அசையாத முகம்.

அசையாத முகத்துக்கும் ரசிகர்கள் சேர்ந்தாங்க. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி தொடங்கியது. அதன் செய்தி வாசிப்பாளர் ஷோபனா ரவியின் சேலை, பொட்டு பற்றியெல்லாம் தமிழ்நாட்டு வீடுகளில் பேச்சு நடக்கும். டெல்லியில் காதோரம் ரோஜா வைத்து வாசித்த சல்மா சுல்தான், 1984 அக்டோபர் 31-ஆம் தேதி மாலை இந்திரா காந்தியின் மரணத்தை அறிவித்தவர். ஒரு நாடு முழுக்க ஒரு செய்தியை ஒரு முகத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கும் நிலை அது.

நம்ம ஊரில் அந்த மேசையிலிருந்து வந்த முக்கியமான விஷயம், என் பார்வையில், மொழி. மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும் செய்தியை நேரம் ஆவதற்குள் தமிழாக்கணும். அமைச்சகம் என்று தமிழ்நாட்டில் சொல்வதை நாம் அமைச்சு என்கிறோம். ரிங்கிட்டை வெள்ளி என்கிறோம். மாமன்னர், மந்திரி பெசார், கூட்டரசுப் பிரதேசம், நோன்புப் பெருநாள் என்று சொல்லும்போது கேட்பவர் உடனே "மலேசியாவா?" என்று கேட்டுவிடுவார். நாளிதழ்களோடு சேர்ந்து வானொலியும் டிவியும் இந்தச் சொற்களை வீட்டுக்குள் கொண்டுவந்தன. அன்றைய ரேடியோ 6, இன்றைய மின்னல் எஃப்எம், இதில் டிவிக்கு அண்ணன். டிவிக்கு வந்த தமிழ் நடையே வானொலி வாசிப்பின் நடைதான்: ழகரம் பிசகாது, மூச்சு விடும் இடம் தெரியும்.

இதில் ஒரு பேர் சொல்லியாகணும். ரெ. கார்த்திகேசு. உங்களில் சிலர் அவரை நாவலாசிரியராகத் தெரிஞ்சிருப்பீங்க. அவர் ஆர்டிஎம்மில் வேலை பார்த்து, பிறகு பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தகவல் துறைப் பேராசிரியரானவர். 1963 முதல் 1983 வரையிலான மலேசியத் தொலைக்காட்சி வளர்ச்சியின் வரலாற்றை மலாயில் எழுதினார். டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1994-இல் வெளியிட்டது. 2016-இல் காலமானார். தொடர்பியல் படிக்கிறவங்க நூலகத்தில் தேடிப் பிடிங்க.

ஏக்கத்தோடு ஒரு உண்மையையும் சொல்லிடறேன். அந்தச் செய்தி அரசாங்கத்தின் குரலாகத்தான் இருந்தது. பார்வையாளர் கேள்வி கேட்க வழி இல்லை. தோட்டப்புறத்து வீட்டில் கூரை ஒழுகுவது தலைப்புச் செய்தி ஆகாது. எனக்கு அந்த மேசை பிடிக்கும், ஆனால் அதிலிருந்து வாசிக்கப்படாமல் போனவையும் நிறைய.

மேசை எப்போ மறைந்தது?

ஒரே நாளில் இல்லை. 1978 டிசம்பர் 28-ஆம் தேதி தீபகற்பத்தில் வண்ண ஒளிபரப்பு வந்தது, பதினைந்தாவது பிறந்தநாளில். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பமே அரை மணி நேரம் முன்னால் நகர்ந்தது. முந்தைய இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12.00-க்கு மாற்றியாச்சு. செய்திக்கு முன் திரையில் கடிகாரம் பார்த்து வீட்டுக் கடிகாரத்தைச் சரி பண்ணிய காலம் அது. 1984 ஜூன் 1-ஆம் தேதி டிவி3 வந்தது, முதல் தனியார் நிலையம். போட்டி வந்ததும் மேசைகள் வளைந்தன, இசை வேகமானது. 1996-இல் ஆஸ்ட்ரோ, அதில் வானவில். 2008-இல் பெர்னாமா டிவி. 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு அனலாக் ஒளிபரப்பு நாடு முழுக்க நின்றது. பாட்டி வீட்டுக் கூரை ஆண்டெனாவும் அந்தப் பழைய டிவியும் அந்த ஆண்டோடு வேலை இல்லாமல் போனது.

இன்றைய ஸ்டூடியோவில் சுவர் முழுக்க எல்இடி திரை. கேமராக்கள் தானாக நகரும். ஐந்து பேர் நின்ற தளத்தில் ஒருவர் நிற்கிறார். 2018-இல் சீனாவின் சின்ஹுவா செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளரை அறிமுகப்படுத்தியது. 2023 மே மாதம் நம்ம ஆஸ்ட்ரோ அவானியும், அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவின் ஒடிசா டிவியும் செய்தன. பேர், குரல், முகம் மூன்றையும் போலி பண்ண முடியும் என்றால், 1940-இல் பேர் சொன்ன காரணம் திரும்பி வந்து நிற்குது. பிரபலங்களின் முகத்தைத் திருடிச் செய்த முதலீட்டு மோசடி வீடியோ உங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும்தானே.

தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

பழைய நிகழ்ச்சி முகப்புகளும் இசையும் இணையத்தில் ஓரளவு இருக்கு. ஆனால் எண்பதுகளில் நம்ம நாட்டில் ஒளியேறிய ஒரு முழு தமிழ்ச் செய்தியை, வணக்கத்திலிருந்து வணக்கம் வரை, பொதுத்தளங்களில் நான் தேடினேன். இதுவரை எனக்கு அகப்படலை.

இதற்கு உலகம் முழுக்க ஒரே காரணம். நேரலையில் வாசிப்பது வாசித்ததோடு காற்றில் போய்விடும். செய்திப்படம் சேமிக்கத் தக்கது, ஏனென்றால் நாளை மறுபடி தேவைப்படும். மேசையில் உட்கார்ந்து வாசித்ததை யார் மறுபடி கேட்கப் போறாங்க? மேலும் வீடியோ டேப் விலை அதிகம், அழித்து மறுபடி பயன்படுத்தலாம். பிபிசியின் டாக்டர் ஹூ தொடரில் அறுபதுகளில் எடுத்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இப்படித்தான் காணாமல் போயின. அதைவிட நமக்குப் பொருத்தமான உதாரணம்: 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியபோது பிபிசி ஸ்டூடியோவில் இருந்து நடத்திய நேரலை. நிலவுக் காட்சி இருக்கு. லண்டன் ஸ்டூடியோவில் இருந்தவர்கள் பேசியதில் பெரும்பகுதி இல்லை.

இதைத் தடுக்க நினைத்தவர்கள் பெரும்பாலும் ஒளிபரப்பாளர்கள் இல்லை, வெளியாட்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் 5-ஆம் தேதியிலிருந்து மாலைச் செய்திகளைத் தினமும் பதிவு செய்யத் தொடங்கியது. பெரிய நிலையங்கள் தங்கள் செய்தியைச் சில வாரங்களில் அழித்துவிடுவதை ஒரு உள்ளூர்க்காரர் கண்டுபிடித்ததால் வந்த யோசனை. ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண் 1979-லிருந்து 2012-இல் இறக்கும் வரை வீட்டில் பல டிவிகளை வைத்து இரவு பகலாகச் செய்தியைப் பதிவு செய்தார். ஏறத்தாழ 70,000 டேப். அக்கம்பக்கத்தில் அவரை விநோதமாகத்தான் பார்த்திருப்பாங்க.

நம்மிடம் மரியன் ஸ்டோக்ஸ் இல்லை. படம் பதிவு பண்ண மறந்து முன்கூட்டியே பட்டனை அழுத்திய தாத்தாக்கள் இருக்காங்க.

உங்க வீட்டு டேப்பை என்ன செய்யணும்?

லேபிளை நம்பாதீங்க. "தீபாவளிப் படம்" என்று எழுதியிருந்தால் அதன் முதல் ஐந்து நிமிஷத்தையும் கடைசி ஐந்து நிமிஷத்தையும் பாருங்க. செய்தி, விளம்பரம், நிகழ்ச்சி அறிவிப்பாளர், நிலைய முடிவில் நெகாராகூ, எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கல்யாண வீடியோவில்கூட ஓரத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் உடனே போட்டுப் பார்க்காதீங்க. நம்ம ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். சின்ன ஜன்னல் வழியா சுருளைப் பாருங்க, வெள்ளையா தூசி மாதிரி இருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் டேப்பும் கெடும், பிளேயரின் தலையும் கெடும், அடுத்துப் போடும் டேப்புக்கும் பரவும். அப்படிப்பட்டதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்க. நல்லா இருந்தால் முழுசாக முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றி, பிறகு ஒரே தடவையில் கணினிக்கு மாற்றிடுங்க. யுஎஸ்பி பதிவுக் கருவி ஷோப்பியில் விலை குறைவாகவே கிடைக்குது. கஷ்டம் பிளேயர்தான். உலகில் விஎச்எஸ் பிளேயர் செய்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியது. மாமா, சித்தப்பா வீட்டு ஸ்டோர் ரூமில் கேட்டுப் பாருங்க.

கோப்புக்குப் பேர் வைக்கும்போது தேதியை ஊகமாகவாவது எழுதுங்க. பெட்ரோல் விலை, விளையாட்டுப் போட்டி, பிரதமர் பேர், விளம்பரத்தில் வரும் ஆறு இலக்க, ஏழு இலக்கத் தொலைபேசி எண், இதெல்லாம் காலம் சொல்லும். பொதுவில் ஏற்றும் முன் காப்புரிமை யாருடையது என்று யோசிங்க. ஒளிபரப்பு நிலையத்துக்கோ, ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ எழுதிக் கேட்கலாம். மூலப் டேப்பைத் தூக்கிப் போடாதீங்க.

வீட்டில் பெரியவங்க இருந்தால் அவங்களோட சேர்ந்து பாருங்க. வாசிப்பவர் யார், அந்த நேரத்தில் வீட்டில் யார் யார் இருந்தாங்க, என்ன சமைச்சாங்க என்பதெல்லாம் டேப்பில் இருக்காது. கைப்பேசியில் அவங்க பேச்சையும் பதிவு பண்ணிக்கோங்க.

எங்க நான்கு நிமிஷத்தை மாற்றி முடிச்சு பாட்டிக்குக் காட்டினேன். அவருக்கு இப்போ எண்பத்தாறு. வாசிப்பவரைப் பார்த்ததும் பேர் வரலை, "இந்தப் பொண்ணுதான், நல்லா நிறுத்தி நிறுத்திச் சொல்லும்"னு மட்டும் சொன்னார். தண்ணீர்ப் பங்கீட்டுச் செய்தி வந்தபோது பக்கத்தில் யாராவது பேசுறாங்களான்னு திரும்பிப் பார்த்தார். திரையில் அந்தப் பெண் வணக்கம் சொல்லி, தாளை மேசையில் தட்டி அடுக்குகிறார். முடிவு இசை ஓடுது. கேமரா இன்னும் விலகலை. அவர் ஓரமாக யாரிடமோ திரும்பி, சிரிச்சுக்கிட்டே ஏதோ சொல்றார். மைக் அணைச்சாச்சு, என்னன்னு கேட்காது. அப்புறம் படத்தின் தணிக்கைச் சான்றிதழ் வருது.